இடிக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம்

பஞ்சபூதத் தலங்களுள் மண்ணுக்கு உரியது நம் ஊர். ஏகாம்பரநாதர் கோயிலில் இருப்பது மண்ணாலான இலிங்கம் என்பதை, எந்தச் சமயத்தார் வீட்டில் பிறந்திருந்தாலும் காஞ்சியில் வளர்ந்த பெண் அறிவாள். ஆனால் அந்த மண் ஒரு நாள் அசையக் கூடும் என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம ஊர்ல ஏதும்மா பூகம்பம்? அதெல்லாம் ஜப்பான்லதான்" என்று சிரித்துவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

சிரிப்பதில் தவறில்லை. அச்சமூட்டுவதற்காக நானும் இதை எழுத முற்படவில்லை. நம் தெருக்களில் இன்னும் நிற்கும் பழைய வீடுகளை என்ன செய்வது என்ற கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுந்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் விடைகள் இரண்டே. "இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டு" என்பது ஒன்று. "தாத்தா கட்டிய சுவர், இத்தனை காலம் நின்றது, இனியும் நிற்கும்" என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய வீட்டை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு, அதன் சுவர்களையும் கூரையையும் ஒன்றோடொன்று கட்டிப் பிணைப்பதுதான் அது. புது வீடு கட்டும் செலவு இதற்கு ஆகாது. நம் கொத்தனார்களுக்குக் கைவராத வேலையும் அன்று. நம் நாட்டிலேயே ஆயிரக்கணக்கான கிராமங்களில் செய்து பார்த்த முறை இது.

நில நடுக்கம் நமக்கு அந்நியமா என்பதை முதலில் பார்ப்போம். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நடுக்கம் ஏறத்தாழ 6 அளவுடையது என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவில் பூமி அதிர்ந்தது. சென்னையில் மக்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அடுத்த ஆண்டு, 2002இல், இந்தியத் தர நிறுவனம் நாட்டின் நில நடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. காஞ்சிபுரமும் அந்தப் பட்டியலில் மூன்றாம் மண்டலத்திலேயே இடம் பெற்றது. மிதமான ஆபத்துள்ள பகுதி என்பது அதன் பொருள். இமயமலை அடிவாரத்தைப் போல் நம் நிலை கடுமையானது அன்று.

என்றாலும் வரைபடத்தை நம்பி உறங்கிவிட முடியாது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களை உலுக்கிய கில்லாரி நில நடுக்கத்தை எண்ணிப் பாருங்கள். அப்போதைய வரைபடத்தில் அந்தப் பகுதி மிகக் குறைந்த ஆபத்துள்ள முதலாம் மண்டலத்தில்தான் இருந்தது. 6.2 அளவுள்ள நடுக்கம் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் உயிர்கள் வரை கொண்டு போயிற்று. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் அயர்ந்து உறங்கிய இரவு அது.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2021 நவம்பர் 19 அதிகாலை, வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் கனமழைக்கு ஒரு வீடு இடிந்து விழுந்து ஒன்பது பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். பத்து நாள் கழித்து, நவம்பர் 29 அதிகாலை நான்கேகால் மணி அளவில், அம்மாவட்டத்தின் அதே மேற்குப் பகுதியில் 3.6 அளவில் பூமி அதிர்ந்தது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் சில வீடுகளின் சுவர்கள் விரிசல் கண்டன. 3.6 என்பது மிகச் சிறிய அதிர்வு. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குப்படி கில்லாரியின் ஆற்றல் இதைப் போல் ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு.

ஆனால் பேரணாம்பட்டை நான் குறிப்பிடுவது இந்தக் கணக்குக்காக அன்று. மழையில் விழும் வீடும் நடுக்கத்தில் விழும் வீடும் பெரும்பாலும் ஒரே வகை வீடுகள்: ஊறிப்போன சாந்து, ஒன்றோடொன்று பிணையாத சுவர்கள், தாங்க முடியாத கூரை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கும் பலிக்கும். "எப்போதோ வரும் பூகம்பத்துக்காக யார் செலவு செய்வார்?" என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். ஒவ்வோர் ஐப்பசியிலும் வருகிற மழைக்காகச் செய்யுங்கள்; பூகம்பம் வந்தால் அதற்கும் உதவும்.

"இத்தனை காலம் நின்றது" என்ற வாதத்துக்கு வருவோம். ஏகாம்பரநாதர் கோயிலின் இராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. 190 அடிக்கு மேல் உயர்ந்து இன்றும் நிற்கிறது. அதை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு, பழையது என்றாலே உறுதியானது என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் அதே மன்னர் 1516இல் திருக்காளத்தியில் கட்டிய இராஜகோபுரம் என்ன ஆயிற்று? 2010 மே 26 மாலை அது சரிந்து குவியலாகிவிட்டது. பூகம்பம் எதுவும் வரவில்லை. விரிசல்கள் முன்பே தெரிந்ததால் ஆட்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள், உயிர்கள் தப்பின. இரண்டு கோபுரங்களுக்கும் ஏழாண்டுதான் வயது வித்தியாசம். ஒன்று நிற்கிறது, மற்றொன்று விழுந்தது. கட்டடத்தின் வயது அதன் உடல்நிலையைச் சொல்லாது. நம் வீட்டுப் பாட்டிமார்களிலும் எண்பது வயதில் கோயில் குளம் என்று நடப்பவர் உண்டு, அறுபதில் படுக்கையில் கிடப்பவரும் உண்டு.

வீடு ஏன் விழுகிறது? சுவர் என்பது மேலிருந்து வரும் சுமையைத் தாங்குவதற்காக எழுப்பியது. தலையில் குடம் வைத்து நேராக நடக்கும் பெண்ணைப் போல, நேர்ச் சுமையை அது எத்தனை ஆண்டும் தாங்கும். யாரேனும் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்கினால்தான் குடம் ஆடும். நில நடுக்கம் செய்வது அதையே. கடைக்கால் பக்கவாட்டில் நகரும்போது, மேலே இருக்கும் கூரை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பாடப் புத்தகத்தில் நிலைமம் என்று படிக்கிறோமே, அதுதான். கூரை எவ்வளவு கனமோ, சுவருக்கு அவ்வளவு இழுப்பு.

கில்லாரியில் வீடுகள் கல்லும் மண் சாந்தும் கொண்டு கட்டியவை. வெயிலுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று மரக் கூரையின் மேல் மண்ணைக் கொட்டி மெத்தியிருந்தார்கள். ஒழுகினால் மேலும் கொஞ்சம் மண். அப்படியே வளர்ந்து இரண்டடி கனம் வரை மண் ஏறிய கூரைகளும் இருந்தன. அந்தச் சுமைதான் விடியற்காலையில் உறங்கியவர்கள் மேல் விழுந்தது.

இது ஏழைக் கிராமங்களின் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பேராலயத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1997 செப்டம்பர் 26 அன்று இரவில் ஒரு நடுக்கம். அதன் சேதத்தைப் பார்வையிட முற்பகலில் சிலர் உள்ளே சென்றிருந்தபோது இரண்டாம் நடுக்கம் வந்து வளைவுக் கூரையின் பகுதிகள் இடிந்தன. துறவியர் இருவர் உட்பட நால்வர் இறந்தனர். பிறகு பொறியாளர்கள் மேலே ஏறிப் பார்த்தபோது, வளைவின் ஓரங்களில், பல காலமாகக் கூரையைப் பழுது பார்த்தவர்கள் விட்டுப் போன இடிபாடும் மண்ணும் டன் கணக்கில் தங்கிக் கிடந்தன. அதை அகற்றிய பிறகே வளைவுகளை வலுப்படுத்தினார்கள். 1999 இறுதியில் ஆலயம் மீண்டும் திறந்தது.

நம் ஊர் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் இதே கதை தெரியும். மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்வது, மரக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிக் காரை இட்டு, அதன் மேல் தட்டோடு ஒட்டுவது. நல்ல வேலைதான். ஆனால் ஒழுகத் தொடங்கினால் என்ன செய்கிறோம்? பழையதைப் பெயர்த்தெடுக்கக் கூலி அதிகம் என்று அதன் மேலேயே இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொரு வரிசை ஓடு. பிறகு தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி லேசாகத் தெரிவதால் அதற்குள் இருக்கும் தண்ணீரும் லேசு என்று நினைத்துக்கொள்கிறோம்!

கனத்தைப் போலவே முக்கியமானது பிணைப்பு. இதை வேறெந்த ஊராரைக் காட்டிலும் காஞ்சிக்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம். நம் பட்டின் பெருமை எதில் இருக்கிறது? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா கொண்டு இரண்டையும் இழைக்கு இழை கோத்துவிடுகிறோம். அதற்குக் கோர்வை என்று பெயர். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். பழைய வீடுகள் பலவற்றில் இந்தக் கோர்வை இல்லை. முன்சுவரும் பக்கச் சுவரும் மூலையில் சந்திக்கின்றன. ஆனால் செங்கல்லுக்குச் செங்கல் பின்னிக்கொள்ளவில்லை. குறுக்குச் சுவர் பின்னாளில் வைத்ததானால் வெறுமே ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். கூரையின் கைமரங்கள் சுவரின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அசைவு வந்ததும் ஒவ்வொரு சுவரும் தன் போக்கில் ஆடுகிறது, மூலை முதலில் பிளக்கிறது, பிறகு கூரை வழுக்குகிறது. வீட்டுக்குக் கோர்வை போடுவதைத்தான் பொறியாளர்கள் வலுவூட்டல் என்கிறார்கள்.

பொறியியல் படித்தவள் அல்ல நான். இங்கே சொல்பவை இந்தியத் தர நிறுவனம் 1993இல் வெளியிட்டு 2009இல் திருத்திய ஐ.எஸ். 13935 என்ற வழிகாட்டியை ஒட்டியவை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்தபோது பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய நில நடுக்கக் குறிப்புகளும் இருக்கின்றன. பள்ளி மாணவிக்கும் புரியும்படி படம் போட்டு எழுதியவை. நம் நூலகத்தில் இருக்க வேண்டியவை.

முதல் வேலை குறைப்பது. ஒழுகும் மாடியில் மேலும் பூசாமல், பழைய அடுக்குகளைப் பெயர்த்துவிட்டு ஒரே அடுக்காகப் போட வேண்டும். தொட்டியைக் கீழே, வீட்டுச் சுவரைச் சாராத மேடையில் வைக்கலாம். பரணில் ஏற்றி வைத்த பழைய தறிச் சாமான்களையும் அண்டா குண்டாக்களையும் இறக்கலாம். இதற்கு மேஸ்திரி கூடத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் மனம் வைத்தால் போதும். (பரணைக் காலி செய்வது பாட்டிக்குப் பிடிக்காது என்பதை நான் அறிவேன்.)

அடுத்தது அரைஞாண். குழந்தைக்கு இடுப்பில் கட்டுவது போல, வாசற்காலுக்கும் ஜன்னலுக்கும் மேலே, லிண்டல் மட்டத்தில், வீட்டைச் சுற்றி ஒரு பட்டை. அந்த இடத்தில் ஏறத்தாழ ஓரடி அகலத்துக்குப் பூச்சைச் செங்கல் தெரியும்வரை சுரண்டி எடுக்கிறார்கள். சந்துகளில் உள்ள உளுத்த சாந்தை நோண்டிவிட்டுக் கழுவுகிறார்கள். பிறகு வெல்டு மெஷ் என்று இரும்புக் கடையில் கிடைக்கும் கம்பி வலையை ஆணியால் பொருத்தி, ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்து பூசுகிறார்கள். சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் வலை வைத்து, சுவரைத் துளைத்துக் கம்பியால் இரண்டையும் முடிந்துவிட்டால் உறுதி அதிகம். பூசிய பின் இரண்டு வாரம் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் மூன்றாம் நாளே சலித்துப் போகிறார்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. பட்டை மூலையைச் சுற்றித் தொடர்ந்து போக வேண்டும். மூலையில் வெட்டி நிறுத்தினால் அது அரைஞாண் அன்று, வெறும் அலங்காரம். ஒவ்வொரு மூலையிலும் கடைக்காலிலிருந்து கூரை வரை இதே போல ஒரு நெடுக்குப் பட்டை வந்தால் வேலை முழுமை பெறும். ஓட்டு வீடானால் பக்கவாட்டில் முக்கோணமாக உயர்ந்து நிற்கும் சுவரை மறக்கக் கூடாது. பிடிப்பில்லாமல் நிற்பதால் முதலில் விழுவது பெரும்பாலும் அதுதான்.

கூரையைச் சுவரோடு கட்டுவது ஓடு மாற்றும் சமயத்தில் செய்ய வேண்டியது. ஓட்டை இறக்கிய பின் கைமரங்கள் வெளியே தெரியும். சுவரின் மேல் கிடக்கும் கட்டையோடு அவற்றை இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு முடுக்கி, அந்தக் கட்டையைச் சுவரோடு பிணைக்கலாம். கைமரங்களுக்கு அடியில் குறுக்குச் சாய்வாக இரண்டு மரங்கள் அடித்தால் கூரை முழுதும் ஒரே பலகை போல நிற்கும். ஓட்டை ஏற்றிய பிறகு இதை நினைத்துப் பயனில்லை.

நெசவாளர் வீட்டுக்கு மட்டும் உரிய சங்கடம் ஒன்று உண்டு. தறி நீளமானது, அதற்காகக் கூடத்தைக் குறுக்குச் சுவர் இல்லாமல் நீளமாக விட்டிருப்போம், அல்லது இருந்த சுவரை எடுத்திருப்போம். குறுக்கே தாங்கல் இல்லாத நெடுஞ்சுவர் பக்கவாட்டு அசைவுக்கு மிகவும் பலவீனமானது. அந்தச் சுவருக்கு வெளியே ஓரிரண்டு முட்டுச் சுவர் கொடுப்பதும், மேலே இரண்டாவது பட்டை போடுவதும் நல்லது. புதிதாகக் குழித்தறி இறக்குகிறவர்கள் சுவரின் அடியை ஒட்டிக் குழி தோண்ட வேண்டாம். வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று தறிக்கு இடமில்லாமல் செய்துவிட்டால் அந்த வேலைக்குப் பொருளே இல்லை. இடித்துக் கட்டிய பல வீடுகளில் நடந்தது அதுதான்: அறைகள் வந்தன, தறி போய்விட்டது.

சிமெண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டை போடும் இடத்தில் சிமெண்டு வேண்டும். அதற்காகச் சுண்ணாம்புச் சுவர் முழுவதையும் சிமெண்டு பூசி மூடிவிடக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியேயும் விடும். சிமெண்டு மேலே அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே நின்று சாந்தைக் கரைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உளுத்துப் போகும்.

எல்லா வீட்டையும் இப்படிக் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சுவர் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது, உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது, கடைக்கால் இறங்கிவிட்டது என்றால் பட்டை எதுவும் உதவாது. அதைச் சொல்ல ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். மேஸ்திரியின் கண் கூர்மையானதுதான். ஆனால் புது வீடு கட்டினால் அவருக்கு வேலை அதிகம் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கும் பரவிவரும் ஒரு பழக்கத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஓட்டை எடுத்துவிட்டு அதே பழைய சுவரின் மேல் காங்கிரீட் தளம் போடுகிறார்கள். ஒழுகாது, மேலே ஒரு மாடியும் எடுக்கலாம் என்பது கணக்கு. மண் சாந்துச் சுவரின் தலையில் இதைவிடப் பெரிய சுமையை வைக்க முடியாது. முன்னே சொன்ன 1997 இத்தாலி நடுக்கத்தில், மரக் கூரையை அகற்றிக் காங்கிரீட் கூரை ஏற்றியிருந்த பழைய கல் வீடுகள் பல மிக மோசமாகச் சேதமடைந்தன. பலம் வரும் என்று நம்பித்தான் அவர்களும் ஏற்றியிருந்தார்கள்.

சரி, முழுவதும் இடித்துவிட்டுத் தூண் எழுப்பிக் கட்டினால்? அதுவும் ஒழுங்காகக் கட்டினால்தான். 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியை அழித்த நில நடுக்கத்தில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல மாடிக் கட்டடங்கள் விழுந்தன. கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு, வெறும் தூண்களின் மேல் நின்ற கட்டடங்கள் அவற்றில் பல. அதே நகரின் பழைய பகுதியில், போள் எனப்படும் சந்துகளில், சுவருக்குள் மரம் கோத்துக் கட்டிய பழங்கால வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. நம் ஊரிலும் கீழே பட்டுக் கடைக்கோ வாகனங்களுக்கோ இடம் விட்டு, மெல்லிய தூண்களின் மேல் மூன்று மாடி எடுப்பது வழக்கமாகிவிட்டது. கம்பி எவ்வளவு போட்டார்கள் என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

அந்தக் கட்ச் நடுக்கத்தில்தான் அஞ்சார் நகரத்துத் துயரமும் நடந்தது. குடியரசு நாள் ஊர்வலத்தில் குறுகிய தெரு வழியே சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள் 185 பேரும் ஆசிரியர்கள் 20 பேரும், இரு புறத்துக் கட்டடங்களும் சரிந்து அதில் புதைந்தார்கள். 2022இல் அவர்களுக்கு அங்கே நினைவிடம் திறந்தார்கள். அவர்கள் யாரும் அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் அல்லர். என் வீடு, என் சுவர், விழுந்தால் எனக்குத்தானே என்று எவரும் சொல்ல முடியாது. வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையன்று தெருக்களில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள்! மேலே பார்த்தால் தளர்ந்த கைப்பிடிச் சுவர். அதன் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள். மாநகராட்சி ஏதேனும் செய்ய முன்வந்தால் தேரும் ஊர்வலமும் போகிற தெருக்களின் கைப்பிடிச் சுவர்களிலும், குழந்தைகள் பள்ளிக்கு நடக்கும் சந்துகளிலும் தொடங்கட்டும். பள்ளிக் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நடுக்கம் வந்தது சனிக்கிழமை. அங்கே பள்ளிக்கு விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தபோதும் உள்ளே குழந்தைகள் இல்லை. காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்பே வலுவூட்டியிருந்த பள்ளிகளோ பெரும் சேதமின்றி நின்றன.

இதையெல்லாம் பெண்கள் பள்ளியின் மலரில் எழுதுவானேன் என்று கேட்கலாம். கில்லாரிக்குப் பின் நடந்ததைச் சொன்னால் விளங்கும். முற்றும் அழிந்த ஊர்களை வேறிடத்தில் கட்டினார்கள். ஆனால் அதைவிடப் பன்மடங்கு அதிகமான கிராமங்களில், ஏறத்தாழ 2,500 என்பார்கள், வீடுகளை இருந்த இடத்திலேயே பழுது பார்த்து வலுவூட்டும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு உலக வங்கியின் உதவியோடு நடத்தியது. வீட்டுக்காரரே முன்னின்று செய்ய வேண்டிய வேலை அது. பணம் எப்படி வரும், எந்தப் பொருள் வாங்குவது, கொத்தனார் சரியாகச் செய்கிறாரா என்று கேட்க யாரும் இல்லாமல் தடுமாறினார்கள். பிரேமா கோபாலன் தொடங்கிய சுயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பின் துணையோடு, கிராமத்துப் பெண்களே 'சம்வாத் சகாயக்' என்ற பெயரில் அரசுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே நின்று இதை நடத்தினார்கள். அதுவரை ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள், மூலைப் பட்டைக்கும் கூரைப் பிணைப்புக்கும் வேறுபாடு சொல்லக் கற்றார்கள். 2001இல் கட்ச் அழிந்தபோது லாத்தூர்ப் பெண்கள் அங்கே சென்று தாங்கள் கற்றதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நம் வீடுகளில் கூடத்தில் அமர்ந்து பட்டு இழைப்பதும் பாவுக்கு உதவுவதும் அதிகமும் பெண்கள். பகலில் அந்தக் கூரைக்குக் கீழே நெடுநேரம் இருப்பவர்கள் அவர்கள்தாம். ஆனால் வீடு பழுது பார்க்கும் பேச்சு வந்தால் திண்ணையில் ஆண்களும் மேஸ்திரியும் பேசி முடிப்பார்கள். டைல்ஸ் நிறம் மட்டும் நம்மைக் கேட்பார்கள். இது மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பணத்துக்கு என்ன வழி? புது வீட்டுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் உண்டு. பழைய வீட்டைக் கட்டிப் பிணைக்க என்று போய்க் கேட்டால் விழிப்பார்கள். அரசுத் திட்டங்களில் முன்னாளில் கட்டிய கிராமத்து வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழக அரசு 2024இல் ஒரு திட்டம் அறிவித்தது, நல்லது. பிள்ளையார்பாளையத்துப் பாட்டன் வீடு அந்தக் கணக்கில் வராது. நெசவாளருக்கு வீட்டோடு சேர்த்துத் தறிக்கூடம் கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் முன்பே இருந்திருக்கின்றன. அதே அக்கறையோடு, இருக்கும் வீட்டை வலுவூட்டச் சிறு கடனும் பொறியாளர் ஒருவரின் வருகையும் கிடைத்தால் போதும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தறிக்கும் நூலுக்கும் துணை நிற்பவை. தறி நிற்கும் கூரையும் அவற்றின் அக்கறைக்கு உரியதே.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் தெருவிலேயே இருக்கிறது. நம் வீடுகள் பொதுச் சுவரால் ஒட்டியவை. நடு வீட்டை ஒருவர் இடித்தால், இரு பக்கத்து வீடுகளும் ஒரு கை இழந்தது போல் ஆகிவிடுகின்றன. அடுத்த மழையில் அந்தச் சுவர் ஊறுகிறது, பிறகு வழக்கு, மனத்தாங்கல். அதே மூன்று வீட்டாரும் பேசிக்கொண்டு ஒரே சமயத்தில் பட்டை போட்டால், சாரம் ஒன்று, மேஸ்திரி ஒருவர், பொறியாளருக்குக் கூலி ஒன்று. பொதுச் சுவரும் இரு பக்கமும் பிணைந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் ஓடு மாற்ற ஆள் வருவார்கள். சாரம் கட்டுவதற்கு முன்பே மேஸ்திரியிடம் கேளுங்கள்: "அண்ணே, வலை மூலையைச் சுத்திப் போகுமா? கைமரத்துக்கு இரும்புப் பட்டை எத்தனை வேணும்?" அவர் முதலில், "எதுக்கும்மா இதெல்லாம்?" என்பார். எண்ணிக்கையைச் சொல்லும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஓட்டைத் திரும்ப ஏற்றிவிட்டால் அடுத்த முறை கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.